அடி தலையில், ரத்தப் பரிசோதனை கிட்னிக்கு ஏன்?

தாராவிக்குப் பக்கத்தில் இருப்பதால் சயான் ஆஸ்பத்திரியில் தமிழ்க் குரல் அடிக்கடி கேட்கும். மின்சார ரயிலில் தொங்கிச் சென்று விழுந்தவர், கட்டிட வேலையில் சாரத்தில் இருந்து தவறியவர், ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் போனவர் என்று தலையில் அடிபட்டவர்கள் மும்பை ஆஸ்பத்திரிகளுக்கு வந்தபடியே இருக்கிறார்கள். 2025 ஜூன் 9-ந் தேதி மும்ப்ரா அருகே எதிரெதிரே சென்ற இரண்டு மின்சார ரயில்களில் தொங்கிய பயணிகள் உரசி விழுந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் பேசுவது பெரும்பாலும் ஒன்றுதான். "மண்டையில்தானே அடி? கிட்னிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். எதற்கு?" தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தால் "பில்லை ஏற்றுகிறார்கள்" என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். சில இடங்களில் அந்தச் சந்தேகம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பலத்த தலைக்காயம் என்றால் இந்தப் பரிசோதனைகளுக்குக் காரணம் உண்டு.

ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் கோளாறு என்றால் கல்யாணிலும் கர்ஜத்திலும் வண்டி நின்றுவிடுகிறது. அங்கே தண்டவாளத்தில் ஒரு குறையும் இருக்காது. மூளைக்கும் உடம்புக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

இருதயம் திணறும்

மூளையில் அடி விழுந்ததும் உடம்பில் அட்ரினலின் வெள்ளம்போல் சுரக்கிறது. அதன் வேகத்தை இருதயத் தசை தாங்காமல் போகலாம். ஈ.சி.ஜி.யைப் பார்த்தால் மாரடைப்பு வந்தவருடையதுபோல் இருக்கும். ரத்தக் குழாயிலோ அடைப்பு இருக்காது.

மண்டைக்குள் வீக்கம் ஏறினால் ரத்த அழுத்தம் கூடும், நாடித் துடிப்பு குறையும், மூச்சு தாறுமாறாகும். இது ஆபத்துக்கு அறிகுறி. அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை விளக்கியதால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளை பாதித்தவர்களுக்கு இரைப்பையில் புண் உண்டாகி ரத்தம் கசிவதையும் 1932-ல் அவர் எழுதினார். தலைக்காய நோயாளிக்கு வயிற்றுப்புண் மருந்து ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நுரையீரலில் சிலருக்கு சில மணி நேரத்துக்குள் நீர் கோத்துவிடும். அதைவிட அதிகம் நடப்பது வேறு: நினைவில்லாதவர் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வருவது. நம் ஆட்கள் பதறிப்போய் செய்யும் தவறும் இங்கேதான். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடாவோ காபியோ ஊற்றவே கூடாது. கழுத்தை ஆட்டாமல், 108-க்குப் போன் செய்து, மூச்சு தடைபடாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி. ரத்தத்தில் பிராணவாயு குறைந்தாலும் ரத்த அழுத்தம் இறங்கினாலும் அடிபட்ட மூளைக்கு இரண்டாவது அடி விழுந்த மாதிரி.

உப்பும் சர்க்கரையும்

மூளை வீக்கத்தைக் குறைக்க "மானிட்டால்" என்ற மருந்தை ஏற்றுவார்கள். அது சிறுநீர் வழியாக நீரை வெளியேற்றும். அதனால் கிட்னியைக் கவனித்தாக வேண்டும். உடம்பின் நீரையும் உப்பையும் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் மூளையின் அடிப்பகுதியில் இருந்துதான் வருகிறது. அது கெட்டால் சிலருக்கு சிறுநீர் குடம் குடமாகப் போகும். டாக்டர் இதை "டயாபிடிஸ் இன்சிபிடஸ்" என்பார். "ஐயோ, சுகர் வேறு வந்துவிட்டதா?" என்று குடும்பமே கலங்கும். பெயர்தான் அப்படி, சர்க்கரை வியாதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேறு சிலருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அளவு மிகவும் இறங்கினால் மூளை மேலும் வீங்கும், வலிப்பும் வரலாம். தினமும் ரத்தம் எடுப்பது இதற்காகத்தான்.

நிஜமான சர்க்கரையும் ஏறுவது உண்டு. பிரான்ஸ் விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் 1849-ல் முயலின் மூளை அடிப்பகுதியில் ஊசியால் குத்தியபோது அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது!

ரத்தம் உறையும் தன்மையும் கெடலாம். 29 நாடுகளில் 12,700-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2019-ல் வெளிவந்தது. "டிரானெக்சாமிக் ஆசிட்" என்ற ரத்தக்கசிவைத் தடுக்கும் மருந்தை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால், லேசான மற்றும் நடுத்தரக் காயம் உள்ளவர்களில் சாவு குறைவதாக அது சொன்னது. நேரம் தாழ்த்தினால் பலன் குறைகிறது.

"சோம்பேறி ஆகிவிட்டான்"

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகுதான் சிலருக்குத் துன்பமே ஆரம்பிக்கிறது. காயம் ஆறியிருக்கும். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் ஆள் எந்நேரமும் களைத்துப் படுத்திருப்பார். வேலைக்குப் போக மனம் இராது. உடல் பருக்கும், தாம்பத்தியத்தில் நாட்டம் போய்விடும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிடலாம். மேஸ்திரி, "இவனால் இனி ஆகாது" என்று கணக்கை முடித்துவிடுவார். வீட்டிலோ சோம்பேறிப் பட்டம்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். மூளைக்கு அடியில் தொங்கும் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதாகியிருப்பதுதான் அது. தைராய்டு, அட்ரினல் போன்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடுவது அதுதான். அடிபட்டு மாதங்கள் கழித்துக்கூட இந்தக் குறை வெளிப்படலாம். "ஹார்மோன் டெஸ்ட் பார்க்கலாமா?" என்று குடும்பத்தினரே டாக்டரிடம் கேட்கலாம். குறையும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்க முடியும்.

நோயாளியை நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ ஒன்றரை நாள் ரயிலில் அழைத்துப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அடிபட்டதும் ஏற்பட்ட பழுதை ஊர் டாக்டர் அதிலிருந்துதான் அறிய முடியும். ஹார்மோன் குறைவுக்காக ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தால், "ஊருக்கு வந்தாச்சு, தேறியாச்சு" என்று திடீரென நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புறப்படும்போதே 15 நாள் மாத்திரையாவது பையில் இருக்கட்டும்.