ஓலைக் காத்தாடி

1990இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்குப் பத்து வயது. தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. கடையில் விற்கும் விளையாட்டுச் சாமான்களை நாங்கள் அறியோம். ஆனால் விளையாட்டுக்குக் குறைவிருக்கவில்லை. நுங்குக் கோம்பை இரண்டைத் தடியிற் கோர்த்தால் வண்டில். பூவரசம் இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பீ. தைப்பொங்கற் காலத்தில் பட்டத்துக்கு விண் பூட்ட, பனைநாரை மெல்லியதாகச் சீவித் தருவார் அப்பா.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இடம் கிடைத்தது. வெங்காயமும் புகையிலையும் செய்த அப்பாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நிவாரண வரிசைக்குப் போய்வந்து, பேசாமல் குந்தியிருப்பார்.

ஒருநாள் தம்பி எதற்கோ அழுதான். அப்பா எழும்பி, வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு பச்சைப் பனையோலை கொண்டுவந்தார். இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு கிழித்தார். அவற்றைக் குறுக்காக வைத்து, நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாகச் சற்றுத் திருகினார். நடுவில் நீண்ட முள்ளைக் குத்தி, ஆமணக்கந் தடியிற் செருகினார்.

"துளை இறுகினால் சுத்தாது மகன். கொஞ்சம் இளக்கமாய் விடவேணும்" என்றார்.

இடம்பெயர்ந்த பின் அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற் காரியம் அதுதான். மறுநாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அடுத்த கிழமை அப்பா வீட்டுக்காரரிடம் மண்வெட்டி கேட்டார். கிணற்றடியில் கீரைப் பாத்தி கட்டினார்.

அன்பான பெற்றோரே, 2009இல் போர் முடிந்தும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காணியைக் கொண்டுவர முடியவில்லை. கைப்பழக்கம் கூடவே வந்திருக்கிறது. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கப் பணம் தேவையில்லை, அரைமணி நேரம் போதும். ஓலை கிழிக்கப் பழகிய கை நாளை பெட்டி இழைக்கும், வேலி அடைக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஓலையும் முள்ளும் தேடிப் பிள்ளைகளைத் தனியே அனுப்பவேண்டாம். கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் காலடி வைக்கக்கூடாது. இன்னதென்று தெரியாத இரும்புப் பொருள் எதையும் தொடக்கூடாது. இதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்று மாலை நீங்களே போய் ஓர் ஓலை வெட்டி வாருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். முதற் காத்தாடி சுற்றாவிட்டால், துளையைச் சற்று இளக்கிப் பாருங்கள்.