தண்டவாளத்தைப் பேணும் அங்கத்தினர்கள்

வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேரின் வடத்தைப் பிடிக்க ஆடி மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் திரளுகின்றனர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கமாயிருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் வருகிறார். எந்த ஊர்த் தேருக்கும் அச்சுக்கு மையிடுவதும், மரத்தில் வெடிப்பு உண்டா என்று தட்டிப் பார்ப்பதும் கூட்டம் கூடாத நாட்களில் செய்யவேண்டிய காரியங்கள். அவற்றிற்கு எத்தனை கைகள் வரும்? பொதுச் சொத்து வைத்துள்ள சங்கம் ஒவ்வொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒரு ரயில் பாதையையே அங்கத்தினர்கள் ஏற்று நடத்தினால் இக்கேள்வி எவ்வளவு கடுமையாகும் என்பதைக் காட்டும் வரலாறு ஒன்றை இங்கு எழுதுகிறேன்.

பழம்பெருமை வாய்ந்த ரயில் என்றதும் நமக்கு நினைவு வருவது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஓடும் அது, 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதைப் பேணுவோர் ரயில்வேயில் ஊதியம் பெறும் ஊழியர்கள். தொண்டர்களே ஏற்று நடத்திய முதல் ரயில் பாதை பிரிட்டனின் வேல்ஸ் நாட்டிலுள்ள டலிலின் ரயில்வே ஆகும்.

மலையில் வெட்டிய பலகைக்கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுவர 1860களில் போடப்பட்ட சிறு பாதை அது. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 2 அடி 3 அங்குலமே. உரிமையாளரான சர் ஹேடன் ஜோன்ஸ் 1950 ஜூலையில் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் டாம் ரோல்ட் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்ஹாம் நகரில் கூட்டம் கூட்டிச் சங்கம் அமைத்தனர். 1951 மே 14ஆம் தேதி சங்கத்தின் முதல் ரயில் ஓடியது.

சங்கத்திற்குக் கிடைத்த சொத்து எத்தகையது? இரண்டு எஞ்சின்களில் ஓடும் நிலையிலிருந்தது டோல்கோக் என்னும் ஒன்றே. பாதையோ அதனினும் மோசம். ஸ்லீப்பர் கட்டைகள் உளுத்துப்போக, பல இடங்களில் புல்வேரும் மண்ணுமே தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தன.

எஞ்சின் குறைவை நீக்குவது ஒப்புநோக்க எளிதாயிற்று. மூடப்பட்ட காரிஸ் ரயில்வேயின் எஞ்சின்கள் இரண்டு, தலா 25 பவுனுக்கு வாங்கப்பட்டன. மலிவுதான்! ஆயினும் அவற்றுள் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது அது அடிக்கடி தடம் புரண்டது. ஆராய்ந்ததில், டலிலின் பாதை குறித்த அளவினும் ஏறக்குறைய அரை அங்குலம் அகலமாக இருந்தது தெரியவந்தது. பழைய எஞ்சின்களின் சக்கர விளிம்பு அகலமானதால் அவை சமாளித்து வந்தன. புதிதாக வந்ததற்கு அவ்வசதி இல்லை. முடிவில் பாதையைச் சரியான அளவில் மாற்றிப் போட்ட பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. பழைய சாமானுடன் ஒத்துப்போகிறதா என்று பாராமல் புதுத் தறிக்கும் புது மோட்டாருக்கும் தீர்மானம் நிறைவேற்றும் நிர்வாகக் குழுவினர் இப்பகுதியை மறுமுறையும் படிப்பார்களாக.

பாதையைப் பேணுதல் என்பது யாது? முதற்கண், நடத்தல். பாதை நெடுக நடந்து, கட்டைகளைத் தட்டி உளுத்தவற்றிற்கு அடையாளமிட வேண்டும். மூட்டுத் தகடுகளின் திருகாணிகளைத் தளர்த்தி மசகிட வேண்டும். இல்லையேல் வெயிலில் இரும்பு நீளும்போது தண்டவாளம் வளைந்துவிடும். எல்லாவற்றினும் பெரிய பகை தண்ணீர். ஜல்லியில் மண் அடைந்தால் மழைநீர் வடியாது. நீர் தேங்கினால் கட்டை உளுக்கும். கட்டை உளுத்தால் ஆணி பிடிக்காது. ஆகவே பக்கக் கால்வாயைத் தூர்வாருவதே முதன்மையான வேலை எனலாம். வாய்க்கால் மராமத்து அறிந்த நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எஞ்சினுக்கும் அவ்வாறே. கொதிகலனில் படியும் சுண்ணப் படிவையும் சேற்றையும் குறித்த நாட்களுக்கு ஒருமுறை கழுவி அகற்ற வேண்டும். நெருப்பறையின் கூரையில் ஈயம் வைத்த அடைப்பு ஒன்று உண்டு. நீர்மட்டம் அபாயமாகக் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். ஆண்டுதோறும் வெளிப் பரிசோதகர் ஒருவர் கொதிகலனைச் சோதிக்கிறார். சுமார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எஞ்சினை முழுவதும் பிரித்துப் பார்ப்பது அந்நாட்டு வழக்கம். தொண்டர் என்பதற்காக எவருக்கும் சலுகை கிடையாது. துடைப்பவராகச் சேர்ந்து, கரி போடுபவராகிப் பழகித் தேறிய பின்னரே ஒருவர் ஓட்டுநராகலாம்.

கணக்கு நோக்கில் ஒன்று கூறவேண்டும். தொண்டரின் உழைப்பு இலவசம். ஆனால் கட்டையும் கரியும் ஜல்லியும் இலவசமல்ல. கொதிகலனைப் பிரிக்கும் ஆண்டில் செலவு மொத்தமாக வந்து விழும். அதற்கெனத் தேய்மான நிதியை ஆண்டுதோறும் ஒதுக்காத சங்கம், ஒன்பது ஆண்டுகள் லாபம் காட்டிப் பத்தாம் ஆண்டில் கையை விரிக்கும். பொது மோட்டாருக்குத் தேய்மானம் எழுதாமலே லாபப் பங்கு பிரித்த கணக்கை நானும் தணிக்கையில் பார்த்திருக்கிறேன். மேலும், டலிலினில் சம்பளம் பெறும் ஊழியர் சிலரும் உண்டு. தொண்டர் வாராத நாளிலும் வேலை நிற்கலாகாது அல்லவா?

பொறுப்பேற்று இருபத்தைந்து ஆண்டுகள் சென்ற பின்னரே, 1976இல், அச்சங்கத்தார் பாதையை நன்ட் க்வெர்னால் வரை நீட்டினர். இப்போது மொத்த நீளம் ஏழேகால் மைல். நடந்து பார்க்கவேண்டிய தூரமும் அந்த அளவுக்குக் கூடிவிட்டது.