மலைநாட்டுக் கணிப்பொறிக்கு முழு நகல் எடுத்தல்

கேரள மாநிலத்தில் இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த பீர்மேடு, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் அமைந்த தேயிலைப் பிரதேசமாகும். தென்மேற்குப் பருவமழை இங்கு மிகக் கடுமையானது. சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல்களில் இடியும் மின்னலும் சகஜம். 2018 ஆகஸ்டில் நேர்ந்த பெருவெள்ளத்தில் கேரளமெங்கும் ஏராளமானோர் தம் சான்றிதழ்களையும் பத்திரங்களையும் இழந்தனர். அரசாங்கம் சிறப்பு முகாம்கள் வைத்து அவற்றின் பிரதிகளை வழங்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 16-ஆம் தேதியன்று பீர்மேடு தாலுகாவிலுள்ள கொக்கையாற்றில் மலை சரிந்து வீடுகளையும் மனிதரையும் மூடியது. இத்தகைய நாட்டில் ஒரு பள்ளியின் வினாத்தாள்களோ, தோட்ட ஆஸ்பத்திரியின் பதிவேடுகளோ, மழைமானியின் பல்லாண்டுக் குறிப்புகளோ ஒரே ஒரு கணிப்பொறியில் மட்டும் இருப்பது எத்துணை அபாயம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கேரளத்துப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கப்பெற்ற கணிப்பொறிக் கல்வித் திட்டம், 2017-இல் ‘கைட்’ என்னும் அரசுக் கம்பெனியாக உருப்பெற்றது. அது வழங்கும் இயக்க முறைமை, லினக்ஸ் வகையான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின், முழு நகல் எடுப்பதற்கு இப்பகுதி ஆசிரியர் எந்த மென்பொருளையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வேண்டிய கருவிகள் கணிப்பொறியிலேயே உள்ளன. ‘டெர்மினல்’ எனப்படும் கட்டளைத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்தால் போதும்.

லினக்ஸில் எழுத்தாவணம் மட்டுமன்று, அமைப்பு விவரங்கள், பயனர் பட்டியல், செயலிகள் ஆகிய யாவும் கோப்புகளே. அவையனைத்தும் ஒற்றைச் சாய்கோட்டினால் குறிக்கப்படும் மூல அடைவின் கீழ், ஒரே மரத்தின் கிளைகளாக அமைந்துள்ளன. எனவே மரத்தை வேரோடு மூட்டை கட்டினால் முழு நகல் கிடைத்துவிடும். இவ்வேலைக்கெனவே ‘டார்’ என்னும் கட்டளை ஏற்பட்டது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது இடம்பெற்றது. காந்த நாடாவில் ஆவணங்களைச் சேமித்த காலத்தின் பெயர் அது. நாடா போயிற்று, பெயர் நிலைத்தது.

ஆனால் மரத்தின் சில கிளைகள் மெய்யான கிளைகள் அல்ல. ‘ப்ராக்’, ‘சிஸ்’, ‘டெவ்’, ‘ரன்’ என்னும் அடைவுகள் தட்டில் இல்லாதவை. கணிப்பொறி ஓடும்பொழுது நினைவகத்தில் தோன்றி, அணைத்தவுடன் மறைபவை. ‘ப்ராக்’ அடைவிலுள்ள ஒரு கோப்பு 64-பிட் பொறிகளில் சுமார் 128 டெராபைட் அளவுள்ளதாகக் காட்சியளிக்கும்! அதனை நகலெடுக்கப் புகுந்தால் வேலை முடியவே முடியாது. நகல் எழுதப்படும் வெளித் தட்டையும் விலக்க வேண்டும். இன்றேல் மூட்டை தன்னையே தனக்குள் கட்ட முயலும். ‘ஒன் ஃபைல் சிஸ்டம்’ என்னும் விருப்பக் குறியைச் சேர்த்தால், இவ்விரு தொல்லைகளும் ஒருங்கே நீங்கும். பயனர் கோப்புகள் தனிப் பகிர்வில் இருக்குமாயின், அப்பகிர்வின் பெயரையும் கட்டளையில் தனியே குறிப்பிட வேண்டும். பலர் தவறவிடுவது இதுவே.

கட்டளையின் தொடக்கத்தில் ‘சுடோ’ வர வேண்டும். அதுவே நிர்வாகி அதிகாரம் தருவது. அடுத்து ‘டார்’, அதன்பின் சி, பி, இசட், எஃப் என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகள். முதலாவது மூட்டையை உண்டாக்கும், இரண்டாவது அனுமதிகளைக் காக்கும், மூன்றாவது சுருக்கும், நான்காவது மூட்டையின் பெயர் அடுத்து வருகிறதென்று அறிவிக்கும். அப்பெயருக்குப் பின் விலக்குக் குறிகளும், இறுதியில் மூல அடைவின் சாய்கோடும் இடம்பெறும். வெளித் தட்டு யு.எஸ்.பி. 2 வகையாயின் நொடிக்குச் சுமார் 30 மெகாபைட் வேகமே கிட்டும். 100 கிகாபைட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தரவுத்தளம் ஏதேனும் இயங்குமாயின் அதனை முன்னதாக நிறுத்துதல் நலம். கடையில் வாங்கிய ‘பென்டிரைவ்’ பெரும்பாலும் ‘ஃபேட் 32’ முறையில் அமைந்திருக்கும். அம்முறையில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு தங்காது. தட்டை ‘எக்ஸ்ட் 4’ முறைக்கு மாற்றிக்கொள்வது உத்தமம். மாற்றும்பொழுது அதிலுள்ளவை அழிந்துவிடுமாதலால், முதலில் வேறிடம் சேர்க்க வேண்டும்.

வாரந்தோறும் நகல் எடுப்போருக்கு ‘ஆர்சிங்க்’ என்னும் கருவி உகந்தது. 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகிய இருவர் அதனை இயற்றினர். முன்பு எடுத்ததற்கும் இப்பொழுதுள்ளதற்கும் இடையே மாறியவற்றை மட்டும் அது அனுப்பும். ஆனால் ‘டெலீட்’ குறியுடன் இயக்கினால், மூலத்தில் தவறுதலாக அழிந்தது நகலிலும் அழியும். அவசரக்காரருக்கு அது ஆகாது.

நகலின் மெய்யான சோதனை மீட்பிலேதான் உள்ளது. புதிய தட்டில் பகிர்வு அமைத்து, ‘லைவ்’ பென்டிரைவ் மூலம் கணிப்பொறியை எழுப்பி, மூட்டையை அதில் அவிழ்க்க வேண்டும். மேற்சொன்ன நான்கு வெற்று அடைவுகள் உள்ளனவா என்று பார்த்து, இல்லையேல் உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு பகிர்வுக்கும் தனி அடையாள எண் உண்டு. புதிய தட்டில் அது மாறிவிடும். ‘ஈட்ஸி’ அடைவிலுள்ள ‘எஃப்ஸ்டாப்’ கோப்பில் பழைய எண்ணை நீக்கிப் புதியதை எழுதாவிடில் பொறி பாதியில் நின்றுவிடும். பின்னர் ‘கிரப்’ என்னும் தொடக்கியையும் மீண்டும் நிறுவுதல் வேண்டும். கோப்புகளெல்லாம் சரியாக இருந்தும் கணிப்பொறி எழவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றே காரணம்.

இச்சோதனையை, பழுதானால் நஷ்டமில்லாத பழைய கணிப்பொறியொன்றில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மழைக்கு முன் செய்து பார்க்கலாம். நகல் முடிந்ததும் தட்டைக் கழற்றிவிட வேண்டும். மின்னல் பொறியைத் தாக்கினால் இணைந்திருக்கும் தட்டும் தப்பாது. தட்டுகள் இரண்டிருப்பின் ஒன்று பள்ளியிலும், மற்றொன்று அதே மலைச்சரிவில் இல்லாத வேறோர் ஊரிலும் இருக்கலாம். தட்டின் மேல் தேதியும் கணிப்பொறியின் பெயரும் எழுதிய சீட்டை ஒட்டி, ஈரம் புகாத டப்பாவில் வைப்பார்கள் அனுபவமுள்ளோர்.