ஹெட்லைட் துடிக்கிறதா? பல்பை மாற்றும் முன் இதைக் கவனியுங்கள்!

போன மாதம் ஒரு ராத்திரி, திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார். பின் சீட்டில் அம்மாவும் பாட்டியும். செஞ்சியைத் தாண்டியதும் ஹெட்லைட் இரண்டும் துடிக்க ஆரம்பித்தன. சாலை மேடு பள்ளமாக இருந்த இடங்களில் ஒரு நொடி மங்கி, மறுநொடி பளிச்சென்று எரிந்தன. எதிரே வந்த லாரிக்காரர், நாங்கள் வேண்டுமென்றே 'லைட் அடிக்கிறோம்' என்று நினைத்துவிட்டார்போல. பதிலுக்கு அவரும் ஹைபீமை அடித்தபடி நடுரோட்டிலேயே வந்தார். நம் ஊரில் லைட் அடித்தால் 'நான் வர்றேன், நீ நில்லு' என்றுதானே அர்த்தம்! திண்டிவனம் வரை 40 கி.மீ வேகத்தைத் தாண்டவே இல்லை. பாட்டி அண்ணாமலையாரைக் கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை.

மறுநாள் ஒரு கடையில் இரண்டு பல்புகளையும் மாற்றினார்கள். 600 ரூபாய். மூன்றே நாளில் பழைய கதை. இன்னொரு கடையில் பானெட்டைத் திறந்ததுமே, "ஆல்டர்னேட்டர் போச்சு சார், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிய அப்பா, எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் வண்டியை நிறுத்தினார். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டார்.

"ரெண்டு லைட்டுமா, ஒண்ணு மட்டுமா? உள்ள மீட்டர் லைட்டும் சேர்ந்து துடிக்குதா? பள்ளத்துல இறங்கும்போதா, சிக்னல்ல நிக்கும்போதா?"

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் துடித்தால்...

ஆல்டர்னேட்டர் பக்கமே போக வேண்டாம். கோளாறு அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த் வயர் இவற்றில்தான் இருக்கும். வலது பல்பை இடது பக்கமும், இடது பல்பை வலது பக்கமும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். துடிப்பும் கூடவே இடம் மாறினால் பல்புதான் குற்றவாளி. மாறவில்லை என்றால் ஹோல்டரையும் வயரையும் பார்க்க வேண்டும். (ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கையிலுள்ள எண்ணெய்ப் பசை அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.)

ஹோல்டர் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், முன்பு யாராவது அதிக வாட் பல்பு போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வழக்கமான ஹெச்4 பல்பு 60/55 வாட். வெளிச்சம் பத்தவில்லை என்று 100/90 போடுகிறவர்கள் நிறையப் பேர். லோபீமில் 55 வாட் பல்பு சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். 90 வாட் என்றால் ஏழரை. தனி ரிலே, தடிமனான வயர் இல்லாமல் இதைப் போட்டால் ஹோல்டர் உருகாமல் என்ன செய்யும்?

இரண்டும் துடித்தால்...

மீட்டர் லைட் சீராக எரிந்து, ஹெட்லைட் மட்டும் துடித்தால் ரிலே அல்லது டிம்-பிரைட் ஸ்விட்ச் மீது சந்தேகம் போகலாம். எல்லாமே சேர்ந்து துடித்தால் பேட்டரி டெர்மினல், எர்த் இணைப்பு, ஆல்டர்னேட்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். அதிலும் பள்ளத்தில் மட்டும் துடித்தால் ஏதோ லூஸாக இருக்கிறது. நிற்கும்போது மங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசமானால் சார்ஜிங்கைச் சோதிக்க வேண்டும்.

அதற்கு சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஆஃபில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்கலாம். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்ட பிறகு 13-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர். (சில புதிய கார்களில் சார்ஜிங்கை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது.)

எங்கள் கார் காட்டியது 14.2. 'போச்சு' என்று சொல்லப்பட்ட ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருந்தது! இன்ஜினை அணைத்துவிட்டு, அண்ணன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கையால் திருகினார். திரும்பியது. ஸ்பேனர் இல்லாமல் அது அசையவே கூடாது. இரண்டு மாதம் முன்பு பேட்டரி மாற்றியபோது சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி வேறு.

நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தார். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இந்த வரிசை முக்கியம். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதுமே ஷார்ட் ஆகும். இன்னொன்று: ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. யாராவது அப்படிச் செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். வோல்டேஜ் எகிறி, காரின் கம்ப்யூட்டரே போய்விடலாம்.

ஹாலஜனைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி பல்பு போட்டதிலிருந்து துடிக்கிறதா? அப்படியானால் காரில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். சில கார்கள் கரன்டை விட்டுவிட்டு அனுப்பும். ஹாலஜன் இழை சூடாகவே இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது; எல்.ஈ.டி-யில் தெரிந்துவிடும். பழைய பல்பை மாட்டிப் பார்த்தால் விஷயம் புரியும்.

ராத்திரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே துடிக்க ஆரம்பித்தால், எங்களைப் போல இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஹசார்டு லைட்டைப் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி, வெளிச்சமான பெட்ரோல் பங்க் பக்கம் நிறுத்துவது நல்லது.

அண்ணன் எங்களிடம் வாங்கியது 100 ரூபாய். முதல் கடையில் கழற்றிய இரண்டு பல்புகளும் டிக்கியில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டுமே நன்றாக எரிகின்றன.