ஒளியைத் தாழ்த்துவோம்!

ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதி வந்துவிட்டால், தஞ்சைத் தரணியின் சாலைகள் எல்லாம் வேளாங்கண்ணியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகின்றன என்றே சொல்லத் தோன்றும். 29-ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அந்நாட்களில், காவியுடை தரித்து, கழுத்தில் செபமாலையும் தோளில் துணிப்பையும் தாங்கி, அன்னையின் சுரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து செல்வதைக் காண்கிறோம். பகல் வெயிலுக்கு அஞ்சி, அவர்களுள் பலர் இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். காண்போர் உள்ளத்தில் பக்தியை எழுப்பும் காட்சி அது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் அதே காட்சி நம்மை நடுங்க வைத்தது.

விடியற்காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று இரண்டு குடும்பங்கள் ஒரு வேனில் நள்ளிரவுக்குப்பின் தஞ்சையிலிருந்து புறப்பட்டோம். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். திருவாரூரைக் கடந்த பிறகு சாலையில் விளக்குக் கம்பங்கள் இல்லை. இருபுறமும் வயல்களும் வாய்க்கால்களும். எதிரே ஒரு பேருந்து முழு வெளிச்சத்துடன் வந்தது. நம் ஓட்டுநர் விளக்கை இருமுறை தாழ்த்திக் காட்டினார். அந்தப் பேருந்து தாழ்த்தவில்லை. உடனே அவரும் தம் விளக்கை உயர்த்திவிட்டார். அடுத்த சில நொடிகள் கண்ணாடிக்கு வெளியே வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பேருந்து கடந்தது. வெண்மை போய்க் கருமை வந்தது. அந்தக் கருமையின் நடுவே, வேனுக்கு நேர் முன்னால், ஒரு தேரும் ஆறேழு மனிதர்களும்!

ஓட்டுநர் மிதித்த மிதியில் பிள்ளைகள் அலறிக்கொண்டு விழித்தார்கள். வேன் நின்ற இடத்திற்கும் தேருக்கும் இடையே ஒரு கை நீளம்கூட இருந்திருக்காது. தேரைப் பிடித்திருந்த சிறுமிக்குப் பத்து வயது இருக்கலாம். அவளுடைய பாட்டனார் போலிருந்த முதியவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "முன்னாலயும் வெளிச்சம், பின்னாலயும் வெளிச்சம். எங்கிட்டு ஒதுங்கறதுன்னு தெரியலைங்கய்யா" என்றார். வெளிச்சத்தால் வழி தெரியாமற் போயிற்று என்ற அந்தச் சொல் இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஓட்டுநர் கைகள் நடுங்க, "அவன் இறக்கவே இல்லை சார். அதான் நானும் ஏத்திட்டேன்" என்றார். நாம் ஒன்றும் பேசவில்லை. ஏனெனில், பேருந்து எதிரே வந்தபோது, "அவன் இறக்காவிட்டால் நீயும் ஏற்றிவிடு, தம்பி" என்று பின்னிருக்கையிலிருந்து சொன்னவர் நாமே.

கண்ணுக்குள் நிகழ்வது என்ன?

இறைவன் நமக்கு அளித்திருக்கும் கண் வியப்புக்குரிய கருவி. பட்டப்பகலிலும் பார்க்கிறது, விண்மீன் ஒளியிலும் ஓரளவு பார்க்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற அதற்குச் சிறிது நேரம் வேண்டும். இருளுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று பேரொளி பாயும்போது, மங்கலான ஒளியில் பார்க்க உதவும் நுண்ணிய உறுப்புகள் சற்று நேரம் தம் வேலையை இழந்துவிடுகின்றன. ஒளி அகன்ற பிறகும் அவை மீள்வதற்குச் சில நொடிகள் ஆகின்றன. வயது ஏற ஏற இந்த நேரம் நீள்கிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கோ, எதிர்வரும் விளக்கு கண்ணுக்குள்ளேயே சிதறி ஒரு வெண்திரையாய் விரிந்துவிடுகிறது.

சில நொடிகள்தாமே என்று எண்ணிவிட வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. மூன்று நொடிகள் கண் தெரியாவிட்டால் 50 மீட்டர்! ஓரளவு பெரிய பங்குக் கோவில் ஒன்றின் தலைவாயிலிலிருந்து பீடம் வரை உள்ள தொலைவுக்கு அது குறையாது. அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு நம்மில் எவர் துணிவார்? ஆயினும் எதிரே வருபவரை நாள்தோறும் அப்படி ஓட்டச் செய்துகொண்டிருக்கிறோம்.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இவையெல்லாம் விளக்கினால் நேர்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாலையில் நடப்பவனுக்கு இரும்புக் கூடும் இல்லை, காற்றுப் பையும் இல்லை. ஓட்டுபவனின் கண்ணே அவனுக்குக் காப்பு. அந்தக் கண்ணை அவித்தால், அவனுக்கிருந்த ஒரே காப்பையும் பறித்தவர்களாவோம்.

எந்த விளக்கு எதற்காக?

வண்டியின் முகப்பு விளக்கில் இருவகை ஒளி உண்டு. 'ஹை பீம்' எனப்படும் உயர்ஒளி, எதிரே எவருமில்லாத இருண்ட நெடுஞ்சாலையில் தொலைவைக் காண்பதற்கு. 'லோ பீம்' எனப்படும் தாழ்ஒளி, சாலையின் மீதும் இடப்புற ஓரத்தின் மீதும் விழுந்து, எதிரே வருபவரின் கண்ணைத் தொடாமலிருப்பதற்கு. இதைத்தான் நம்மவர் 'டிம் அடித்தல்' என்கின்றனர். எதிரே வண்டி வரும்போதும், ஒரு வண்டியை நெருங்கிப் பின்தொடரும்போதும், தெருவிளக்கு எரியும் ஊருக்குள்ளும் தாழ்ஒளியே முறை. பின்னால் வரும் உயர்ஒளி முன்வண்டிக்காரரின் கண்ணாடியில் பட்டு அவர் கண்ணைத் தாக்கும் என்பதைப் பலர் நினைப்பதேயில்லை.

மூன்றாவது, பனிமூட்ட விளக்கு. கொடைக்கானல், உதகை மலைப்பாதைகளில் பயணம் செய்தவர்கள் மூடுபனியை அறிவார்கள். பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளே. அவற்றின்மீது உயர்ஒளியைப் பாய்ச்சினால், அத்துளிகள் அதைச் சிதறடித்து நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது போலாகிவிடுகிறது. எனவேதான் பனிமூட்ட விளக்கைத் தாழ்வாகப் பொருத்தி, அதன் ஒளி தரையை ஒட்டி அகலமாகவும் குறுகிய தூரத்திற்கும் பரவுமாறு அமைத்திருக்கிறார்கள். பனியிலும் கடும் மழையிலும் அது மெதுவாகச் செல்வதற்கு உதவும் துணை.

அதையே தெளிந்த வானத்தின்கீழ், அழகுக்காகவும் பெருமைக்காகவும் எரியவிட்டுச் செல்வோர் இன்று எத்தனை பேர்! மழை நனைத்த சாலையில் அவ்வொளி பட்டுத் தெறித்து எதிரே வருவோரைத் துன்புறுத்துகிறது. ஓட்டுபவருக்கும் நன்மையில்லை. வண்டிக்கு அருகிலுள்ள தரை மிகுதியாக ஒளிர்வதால் கண் அதற்கே பழகி, தொலைவிலுள்ளது மங்கிப்போகிறது. சில கார்களின் பின்புறத்திலுள்ள சிவப்புப் பனிமூட்ட விளக்கைக் காரணமின்றி எரியவிட்டால், பின்னால் வருபவருக்குப் பிரேக் விளக்கு எரிவதே எளிதில் புலப்படாது.

நம்மையறியாமல் செய்யும் தவறுகளும் உண்டு. பழைய வகை விளக்குக் கூட்டுக்குள் கடையில் வாங்கிய வெள்ளை எல்.இ.டி. பல்பை மாட்டிவிடுகிறோம். அந்தக் கூடு அந்தப் பல்புக்காக அமைக்கப்பட்டதன்று. ஆகவே தாழ்ஒளிகூட மேலே சிதறுகிறது. வண்டியின் பின்பக்கம் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றினால் முன்பக்கம் நிமிர்ந்துகொள்ள, விளக்கும் நிமிர்ந்து எதிரே வருபவர் கண்ணைக் குத்துகிறது. திருயாத்திரை வேன்களில் இது மிகச் சாதாரணம்! விளக்கின் நடுவே கறுப்பு வட்டம் ஒட்டும் வழக்கமும் இன்று அருகி வருகிறது. இரு சக்கர வண்டிகளின் விளக்கு, 2017 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளில் எப்போதும் எரியுமாறு அமைந்திருக்கிறது. அது எரிவது பிறர் நம்மைக் காண்பதற்கு. அதை உயர்ஒளியில் வைத்து ஓட்டச் சொல்லும் விதி எதுவும் இல்லை.

சட்டமும் மனச்சான்றும்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத் தெளிவாகவே கூறுகின்றன. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலப்புறம் சற்று விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்களும் எதிரே வரும் ஒரு மனிதனின் கண்ணையே அளவுகோலாகக் கொண்டார்கள் என்பது கருதத்தக்கது. ஆனால் நள்ளிரவில், வயல்வெளியின் நடுவே, எந்தக் காவலர் நின்று நம் விளக்கைப் பார்க்கப்போகிறார்? அங்கே காவலுக்கு இருப்பது நம் மனச்சான்று ஒன்றே.

திருச்சபை இதைச் சிறு காரியமாகக் கருதவில்லை. குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் இடர் விளைவிப்போர் பெருங்குற்றம் புரிகின்றனர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. 2007-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் திருப்பீடம் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி ஏட்டில் ஓட்டுநருக்கென்றே பத்துக் கட்டளைகள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது கொலை செய்யாதிருத்தல். ஒன்பதாவது, சாலையில் வலுவற்றவரைக் காத்தல். நாம் புதுவண்டி வாங்கியதும் கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கச் சொல்கிறோம். முகப்பில் செபமாலையைத் தொங்கவிடுகிறோம். நல்லதே. அந்தச் செபமாலைக்குக் கீழே, நம் கைவிரல் எட்டும் தூரத்தில் இருக்கும் டிம் சுவிட்சை மறந்துவிட்டால் நம் பக்தி முழுமை பெறுமா?

ஒளி என்றால் நன்மை என்றே கேட்டுப் பழகியவர்கள் நாம். உலகிற்கு ஒளியாயிருங்கள் என்று ஆண்டவர் மலைமேல் போதித்ததை மறவோம். விளக்கைத் தண்டின்மேல் வைப்பது வீட்டிலுள்ளோர் அனைவரும் காண்பதற்காகவே; ஒருவர் கண்ணை மற்றொருவர் பறிப்பதற்காக அன்று. தமஸ்குச் சாலையில் சவுலைப் பேரொளி சூழ்ந்தபோது அவர் பார்வை இழந்தார். மூன்று நாள் ஒன்றும் காணவில்லை. ஆனால் அவரைக் கைப்பிடித்து நகருக்குள் அழைத்துச் செல்ல உடன்வந்தவர்கள் இருந்தார்கள். நம் விளக்கால் பார்வை இழக்கும் ஓட்டுநரை யார் கைப்பிடித்து நடத்துவார்? அவர் கைப்பிடியில் இருப்பதோ ஓடும் வண்டி.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, எதிரே வருபவர் தாழ்த்தும் வரை காத்திராமல் நாம் முந்தித் தாழ்த்துவோம். அவர் தாழ்த்தாவிட்டாலும் நாம் உயர்த்தவேண்டாம். ஒருவர் கண்ணை இழந்திருக்கும் சாலையில் இருவரும் கண்ணை இழப்பதால் யாருக்கு என்ன நீதி கிடைக்கும்? பழிக்குப் பழி வேண்டாம் என்று கோவிலில் கேட்டதைக் கைக்கொள்ள, இதைவிட எளிய இடம் வேறில்லை. அவ்வேளையில் வேகத்தைக் குறைத்து, பார்வையை எதிர்விளக்கின்மீது வைக்காமல் சாலையின் இடப்புற ஓரத்தின்மீது வைத்தால் ஓரளவு வழி தெரியும்.

இரண்டாவது, திருயாத்திரை புறப்படுமுன் கண்ணாடியையும் விளக்குகளையும் துடைத்து, விளக்கின் சாய்வைப் பட்டறையில் சரிபார்த்துக்கொள்வோம். ஓட்டுநருக்கு வயது கூடியிருந்தால் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதும் அறச்செயலே.

மூன்றாவது, நடந்து செல்லும் நம் பங்கு மக்கள் இருளில் தெரியுமாறு செல்லட்டும். காவியுடையின்மேல் ஒளியைத் திருப்பும் பட்டை ஒன்று. கூட்டத்தின் கடைசியில் நடப்பவர் கையில் சிவப்பு விளக்கு ஒன்று. நடைபாதை இல்லாத இடத்தில் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புற ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடப்பது. இவற்றை இளைஞர் இயக்கங்களும் அன்பியங்களும் முன்னின்று ஏற்பாடு செய்யலாம். பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

நிற்க, அந்த இரவிற்குத் திரும்புவோம். முதியவரிடமும் அவர் கூட்டத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் தேரைச் சாலையோரம் நகர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்கள். நாங்களும் புறப்பட்டோம். வண்டிகளில் உயர்ஒளி எரியும்போது ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் சின்னஞ்சிறு நீல விளக்கு ஒன்று எரியும். அதன் பொருளை ஓட்டுநரிடம் கேட்டறிந்த வீட்டுப் பெரியம்மா, அன்று வேளாங்கண்ணி சேரும் வரை உறங்கவில்லை. எதிரே வெளிச்சம் தோன்றும்போதெல்லாம், "தம்பி, நீலம் எரியுதுப்பா" என்று மெல்லச் சொல்வார். ஓட்டுநரும் உடனே தாழ்த்துவார்.

இன்றும் நம் வீட்டு வண்டியில் இரவுப் பயணம் என்றால், அந்த வேலையைப் பிள்ளைகள் போட்டியிட்டுக்கொண்டு செய்கிறார்கள். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் அந்த நீல விளக்கைக் காட்டி வையுங்கள்.