மல்காஜ்கிரிக்கு ஏற்ற ரோடு பைக்

வேலை நாட்களில் மல்காஜ்கிரியிலிருந்து மெட்டுகூடா வழியாக செகந்திராபாத்தில் உள்ள தென் மத்திய ரயில்வே அலுவலகத்துக்கு சைக்கிளில்தான் போகிறேன். ஞாயிறு காலைகளில் ஈ.சி.ஐ.எல். தாண்டி கீசரகுட்டா வரை போய் வருவேன். இதைப் பார்த்துப் பழகிய அக்கம்பக்கத்தினர், வீட்டில் யாருக்காவது ரோடு பைக் வாங்கும் ஆசை வந்தால் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எந்த பிராண்டு நல்லது, அக்கா?”

முப்பதாயிரம் முதல் லட்சத்துக்கு மேல்வரை செலவாகும் பொருள் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் என் அனுபவத்தில் ஒரு சைக்கிள் வீட்டு மாடிப்படியின் கீழ் தூசி படிந்து நிற்பதற்கு பிராண்டு காரணமாக இருந்ததே இல்லை. டயர் தெருவுக்கு ஒத்துவராமல் போயிருக்கும். அளவு உடம்புக்கு ஒத்துவராமல் போயிருக்கும். அல்லது பழுதானபோது பார்க்க ஆள் கிடைத்திருக்காது. வாங்கும் முன்பு இந்த மூன்றையும் யோசித்துவிட்டால், பிராண்டைத் தேர்ந்தெடுப்பது சுலபமான வேலை.

ரோடு பைக் என்றால் என்ன?

தார்ச் சாலையில் குறைந்த உழைப்பில் நெடுந்தூரம் போவதற்காகச் செய்யப்பட்ட சைக்கிள் இது. ஆட்டுக்கொம்பு போல முன்னே வளைந்து கீழிறங்கும் ஹேண்டில்பார்தான் அதன் அடையாளம். அந்த வளைவு அழகுக்காக வைத்ததல்ல. மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டினாலே நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்குத்தான் போகிறது. வேகம் கூடக் கூட அதற்குத் தேவையான சக்தி பல மடங்காக ஏறும். உடம்பைத் தாழ்த்தினால் காற்றில் படும் பரப்பு குறையும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் கையை மாற்றிப் பிடிக்கலாம் என்பதால் நீண்ட பயணத்தில் உள்ளங்கை மரத்துப்போவதும் குறையும்.

நம் ஊர்களில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிள் இருபது கிலோ அளவுக்குக் கனக்கும். அலுமினிய ஃப்ரேம் கொண்ட சாதாரண ரோடு பைக் பத்துப் பதினோரு கிலோதான். பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் வரம்பே வைத்திருக்கிறது.

இதிலும் வகைகள் உண்டு. பந்தய வகையில் ஹேண்டில் தாழ்ந்திருக்கும், முதுகு நன்றாக வளைய வேண்டும். ‘எண்டியூரன்ஸ்’ வகையில் ஹேண்டில் சற்று உயர்ந்து, கழுத்துக்கும் இடுப்புக்கும் சுகமாக இருக்கும். ‘கிராவல்’ வகை மண்சாலைக்கும் தாங்கும், டயர் தடிமனாக இருக்கும். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் எண்டியூரன்ஸ் வகைதான். தினமும் நான்கு கிலோமீட்டர் போய்வந்தால் போதும் என்பவர்களுக்கு நேர் ஹேண்டில் கொண்ட ஹைப்ரிட் சைக்கிளே போதும். அவர்களுக்கு ரோடு பைக் விற்பது நியாயமில்லை.

முதலில் தெரு

ஹைதராபாத்தில் சைக்கிள் என்றதும் எல்லோரும் அவுட்டர் ரிங் ரோடை ஒட்டிய சோலார் சைக்கிள் பாதையைச் சொல்வார்கள். 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. நானக்ராம்குடா பக்கமும் நார்சிங்கி–கொல்லூர் பக்கமுமாக மொத்தம் 23 கிலோமீட்டர். தலைக்கு மேல் சூரியத் தகடுகள், கீழே வழுவழுப்பான தரை. அருமையான பாதை. ஆனால் அது நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நாங்கள் வடகிழக்கில் இருக்கிறோம். அங்கே போய்ச் சேர்வதற்கே ஊரைக் குறுக்கே கடந்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சாலை வேறு கதை. வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய மக்களவைத் தொகுதி மல்காஜ்கிரி; நெரிசலைக் கேட்கவே வேண்டாம். சந்துகளில் சிமென்ட் சாலை, அதன் ஓரங்களில் உடைந்த விளிம்பு, குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளம், அளவே இல்லாத வேகத்தடைகள், ரயில் பாதைக்கு அடியில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் சுரங்கப் பாதை. நேரேட்மெட் தாண்டி சைனிக்புரி போனால்தான் மூச்சு விடலாம். அதற்கு அப்பால் கீசரா, ஷாமீர்பேட் சாலைகள் அதிகாலையில் உண்மையிலேயே இனிமையானவை.

ஆகவே முதல் கேள்வி டயர். பழைய பந்தய மோகத்தில் 23, 25 மில்லிமீட்டர் டயர் போட்ட சைக்கிள்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. எங்கள் தெருக்களுக்கு 28 மில்லிமீட்டர் குறைந்தபட்சம். 32 கிடைத்தால் இன்னும் நல்லது. அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம்; குழியில் இறங்கும்போது ரிம் அடிபடாது, ட்யூப் இரண்டு பக்கமும் கிள்ளப்பட்டு ஓட்டையாவதும் குறையும். கடையில், “இந்த ஃப்ரேமில் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் டயர் போகும்?” என்று கேளுங்கள். இன்று 28 போட்டு, நாளை 32-க்கு மாறும் இடம் ஃப்ரேமில் இருக்க வேண்டும்.

அளவில் சமரசம் இல்லை

நாம் எல்லோரும் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள். அப்பாவின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டக் கற்ற தலைமுறை. 22 அங்குலமா, 24 அங்குலமா என்பதற்கு மேல் அன்று கேள்வி கிடையாது. அதனாலேயே சைக்கிள் உடம்பின் அளவுக்கு வாங்க வேண்டியது என்ற எண்ணம் நம்மிடம் ஊன்றவில்லை. ரோடு பைக்கில் முன்னால் குனிந்தே மணிக்கணக்கில் உட்கார்வதால், இரண்டு சென்டிமீட்டர் பிசகினாலும் கழுத்தும் மணிக்கட்டும் சொல்லிவிடும்.

கீழ்வீட்டுப் பெண்ணுடன் நகரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். என்னைப் போலவே ஐந்தடி இரண்டங்குல உயரம். கடையில் இருந்தது மீடியம் அளவு மட்டும். தள்ளுபடியும் தருவதாகச் சொன்னார்கள்.

“அக்கா, சீட்டை இறக்கிட்டா சரியாயிடும்னு சொல்றாரே?”

“சீட்டை இறக்கலாம்மா. ஃப்ரேமோட நீளத்தை யார் குறைக்கிறது? பிரேக் லீவர் மேல கை வச்சுப் பாரு.”

வைத்தாள். முழங்கை விறைத்து நீண்டது, தோள் காதருகே ஏறியது. விரல் நுனிதான் லீவரைத் தொட்டது. அந்த நிலையில் சுரங்கப் பாதைச் சரிவில் பிரேக் பிடிக்க முடியாது. தள்ளுபடியை விட்டுவிட்டு வந்தோம். வேறு கடையில் எக்ஸ்ட்ரா ஸ்மால் வரவழைக்கக் காத்திருந்து வாங்கினாள்.

வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொள்ளலாம். செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட்டில் உட்காரும் அழுத்தத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்குங்கள். பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய அதுதான். கால் அளவு 73 சென்டிமீட்டர் என்றால் 64.5 வரும். இந்த எண்ணோடு கடைக்குப் போனால் பேச்சே மாறும்.

கியரும் பிரேக்கும்

பெரும்பாலான ரோடு பைக்குகளில் கியர், பிரேக் பாகங்கள் ஜப்பானின் சகாய் நகரத்து ஷிமானோ நிறுவனத்துடையவை. கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று விலை ஏறிக்கொண்டே போகும். பின்சக்கரத்தில் கிளாரிஸுக்கு எட்டுப் பல்சக்கரம், சோராவுக்கு ஒன்பது, டியாக்ராவுக்குப் பத்து. தொடக்கக்காரருக்கு கிளாரிஸ் தாராளமாகப் போதும். எட்டு வேகச் செயின் விலை குறைவு, எளிதில் கிடைக்கும்.

அதைவிட முக்கியம் பற்களின் எண்ணிக்கை. தக்காணப் பீடபூமியில் இருக்கிறோம். பெரிய மலை இல்லாவிட்டாலும் ஏற்ற இறக்கம் ஓயாது. முன்னால் சின்னப் பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 32 அல்லது 34 இருக்கட்டும். 34-க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, சுமார் 2.1 மீட்டர். கீசரகுட்டா ஏற்றத்தில் முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான். மறுகோடியில் 50-க்கு 11 போட்டால் ஒரே சுற்றில் ஒன்பதரை மீட்டருக்கு மேல் பாயும்; நம் தெருக்களில் அது எப்போதாவதுதான் பயன்படும்.

பிரேக்கில் டிஸ்க் வாங்குங்கள். மழைக்காலத்தில் ரிம் நனைந்தால் ரப்பர் கட்டைகள் சில நொடி வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும். ஆட்டோ குறுக்கே வரும் சாலையில் அந்த நொடிகள் பெரியவை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இன்னும் மென்மையானது. ஆனால் கேபிள் டிஸ்க்கைச் சரிசெய்ய அதிகம் பேருக்குத் தெரியும்.

எங்கே வாங்குவது?

டெகாத்லான் போன்ற பெரிய கடைகளில் டிரைபன், வான் ரைசல் என்று சொந்தத் தயாரிப்புகள் கிடைக்கும். விலை நியாயம், ஓட்டிப் பார்க்க விடுவார்கள், கடைக்குள்ளேயே பட்டறை உண்டு. ஜயண்ட், ட்ரெக், ஸ்காட், மெரிடா போன்றவற்றுக்குத் தனி ஷோரூம்கள். அளவெடுத்துக் கொடுப்பதில் சில கடைகள் மிகவும் அக்கறையாக இருக்கும். நம் சென்னைக்காரர்களுக்குப் பெருமையான விஷயம், 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸும் மாண்ட்ரா என்ற பெயரில் ரோடு பைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இணையத்தில் வாங்கினால் அட்டைப் பெட்டியில் பாதி பூட்டி வரும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். தெரியாமல் வலித்துத் திருகினால் மரை தேய்ந்து கிராங்கே போய்விடும். கை பழகாதவர்கள் பெட்டியோடு மெக்கானிக்கிடம் கொண்டுபோவது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஓர் அடி ஸ்கேலை எடுத்துப் போங்கள். செயினில் ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் இருபத்து நான்காவது ஆணி சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் எண் பொறித்திருக்கும். அதையும் பில்லையும் ஒத்துப் பாருங்கள். கார்பன் ஃப்ரேமில் கீறல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேலாக ஒன்றுண்டு. ஆனந்த்பாக் பக்கம் ஒரு பஞ்சர் கடை. கம்ப்ரஸர், தண்ணீர் நிறைத்த இரும்புச் சட்டி, ஆணியில் தொங்கும் பழைய ட்யூப்கள். என் சைக்கிளின் வால்வைப் பார்த்ததும் அங்கிருந்த பெரியவர் கையை எடுத்துவிட்டார். ரோடு பைக் வால்வு மெலிந்தது, நுனியில் ஒரு சின்னத் திருகு. அதைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். மோட்டார் சைக்கிள் குழாய் அதில் பொருந்தாது. பையிலிருந்த பித்தளை அடாப்டரைத் திருகிக் காட்டினேன். எண்பது பவுண்டு அழுத்தம் என்றதும், “வெடிச்சிடும்மா!” என்று தெலுங்கில் பதறினார்; அவர் கைக்குப் பழக்கம் முப்பது பவுண்டுதானே. மெதுவாக ஏற்றினார், டயரை அழுத்திப் பார்த்தார், தலையாட்டினார். சக்கரம் கோணினால் போக்ஸ் கம்பிகளை முறுக்கிப் பெண்டு எடுக்க அவருக்கு முன்பே தெரியும், பழைய சைக்கிளில் கற்ற வித்தை. இப்போது எங்கள் பகுதியில் ரோடு பைக் ஓட்டும் பிள்ளைகள் அவரிடம்தான் போகிறார்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். முதல் சர்வீஸ் யார் செய்வார், கியர் கேபிள் தளர்ந்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக வேண்டும், மாற்று ட்யூப் கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். ஊருக்கு மறுகோடியில் மூவாயிரம் குறைவாகக் கிடைப்பதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் பதில் சொல்லும் கடை மேல். பட்ஜெட்டில் ஒரு பங்கை ஹெல்மெட், விளக்கு, கைப்பம்பு, மாற்று ட்யூப், பூட்டு ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஓட்டுகிறவர்களோடு பேசுங்கள். ஹைதராபாத் ரேண்டனர்ஸ் போன்ற குழுக்கள் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் நெடும்பயணங்களை நடத்துகின்றன. அங்கே வருகிறவர்கள் எந்த டயர் தாங்கியது, எந்தக் கடை கைவிட்டது என்று ஒளிக்காமல் சொல்வார்கள். தெருவையும் உடம்பையும் அளந்துகொண்டு, மெக்கானிக்கை அடையாளம் கண்டுகொண்டு கடைக்குப் போகிறவருக்கு, முப்பதாயிரம் ரூபாய் சைக்கிளும் பத்தாண்டு உழைக்கும். எங்கள் பகுதியில் இன்னும் நிறையப் பேர், குறிப்பாகப் பெண்கள், அப்படி வாங்கி ஓட்ட வேண்டும். சைக்கிள்கள் பெருகினால்தான் பஞ்சர் கடைக்காரரும் அடாப்டர் வாங்கி வைப்பார், மாநகராட்சியும் எங்கள் பக்கம் ஒரு பாதை போட யோசிக்கும்.