கனடாவிலிருந்து வந்த கசற் ஏன் உருண்டது?

தொண்ணூறுகளில் வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு வந்த கலியாணக் கசற்றுகள் எல்லாம் ஒரே மாதிரி ஓடவில்லை. லண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்தவை டெக்கில் போட்டவுடன் ஓடின. கனடாவிலிருந்து வந்தவற்றில் படம் கிழிந்தது, அல்லது நிற்காமல் மேல்நோக்கி உருண்டது. பிரான்சிலிருந்து வந்த சில கசற்றுகள் ஒழுங்காக ஓடின, ஆனால் கறுப்பு வெள்ளையில். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின், மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஜெனறேற்றரை நம்பிப் படம் பார்த்த காலம் அது. ஜெனறேற்றரில்தான் குறை என்று பலர் நினைத்தார்கள்.

பிள்ளையின் கலியாணத்துக்குப் போகமுடியாத தாய் தகப்பனுக்கு அந்தக் கசற்தான் கலியாணவீடு. உடுப்பிட்டியில் இருந்துகொண்டு பழைய கசற்றுகளைக் கணனிக்கு மாற்றிக் கொடுக்கும் எனக்கு, அன்று உருண்ட கசற்றுகள் இன்றும் வருகின்றன. அவை ஏன் உருண்டன என்பதை விளங்கிக்கொண்டால், இன்று அவற்றை எப்படிக் காப்பாற்றலாம் என்பதும் விளங்கும்.

பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதல் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாகத்தான் சொல்லமுடியும். இடையில் "அடுத்த வரி" என்பார், பக்கம் முடிந்தால் "அடுத்த பக்கம்" என்பார். வீடியோ சமிக்ஞையும் இப்படித்தான். ஒரு வயரால் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பமுடியாது. படத்தைக் கோடு கோடாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் இடமிருந்து வலமாக, வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் மின்னழுத்தமாக்கி அனுப்புகிறார்கள். கோடு முடிந்ததும் ஒரு சிறு துடிப்பு வரும். அது "அடுத்த வரி". படம் அடிக்கு வந்ததும் வேறு விதமான துடிப்புகள் வரும். அது "அடுத்த பக்கம்". இவற்றை ஒத்திசைவுத் துடிப்புகள் என்பார்கள்.

இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய நாடுகளில் இருந்தது 'பால்' முறை. இதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். ஒரு செக்கனுக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரண்டு அரைப்படங்களாக வருவதால், செக்கனுக்கு 50 அரைப்படங்கள். ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ செக்கன். அதில் படம் இருப்பது 52 மைக்ரோ செக்கனில் மட்டும். மிச்சம் 12 மைக்ரோ செக்கன், பழைய ரீவியின் இலத்திரன் கற்றை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குத் திரும்பிப் போவதற்கான அவகாசம். அதற்குள்தான் 4.7 மைக்ரோ செக்கன் நீளமான ஒத்திசைவுத் துடிப்பு இருக்கிறது. 625 கோடுகளிலும் படம் ஏறத்தாழ 576 கோடுகளிலேயே உண்டு. மற்றவை கற்றை மேலே திரும்பும் நேரத்தில் கழிந்துபோகும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்தது 'என்.ரி.எஸ்.சி' முறை. அதில் 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 ஹேர்ட்ஸ். தொலைக்காட்சி முறைகளை வகுத்த காலத்தில் அந்தந்த நாட்டு மின்சாரத்துக்கு இசைவாகவே அரைப்பட எண்ணிக்கையைத் தெரிவுசெய்தார்கள். ஆனால் ரீவி தன் நேரத்தை மின்சாரத்திலிருந்து எடுப்பதில்லை, சமிக்ஞையிலிருந்துதான் எடுக்கிறது. எனவே ஜெனறேற்றர் குற்றவாளி அல்ல.

என்.ரி.எஸ்.சி முறையில் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 63.5 மைக்ரோ செக்கன். எங்கள் 64 உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் மிகச் சிறிது. இரண்டு முறையும் தெரிந்த டெக்கில் கனடாக் கசற்றைப் போட்டு, பால் முறை மட்டும் தெரிந்த ரீவியில் பார்த்தால், "அடுத்த வரி" ஒத்துப்போகும், படம் குறுக்கே கிழியாது. "அடுத்த பக்கம்" மட்டும் ஒத்துவராது. ரீவி 50 க்குக் காத்திருக்க, கசற் 60 தரம் சொல்லும். அதனால்தான் படம் மேல்நோக்கி உருண்டது. சில ரீவிகளின் பின்பக்கத்தில் இருந்த 'வி-ஹோல்ட்' குமிழைத் திருப்பினால் உருளுவது நிற்கும், ஆனால் ஆட்கள் சற்றுக் கட்டையாகத் தெரிவார்கள். நிறம் அனுப்பும் விதமும் வேறு என்பதால் நிறம் வராது. டெக்குக்கும் பால் முறை மட்டுமே தெரியுமென்றால் நிலைமை இன்னும் மோசம். நிமிடத்துக்கு 1800 தரம் சுற்றவேண்டிய அதன் தலை 1500 தரமே சுற்றும். குரல் தடித்து, படம் முழுதும் கிழியும். பிரான்சின் 'செக்காம்' முறையில் கோடுகளும் அரைப்படங்களும் பால் முறையைப் போலவே இருந்தன, நிறம் மட்டும் வேறு. அதனால் அந்தக் கசற்றுகள் கறுப்பு வெள்ளையில் நேராக ஓடின.

இலத்திரன் கற்றை இல்லாத இன்றைய திரைகளிலும் இந்த இடைவெளி நேரம் மறையவில்லை. 1987 இல் ஐ.பி.எம் கொண்டுவந்த வி.ஜி.ஏ முறையை டிஜிற்றல் மின்சுற்று வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் இன்றும் பயிற்சியாகச் செய்கிறார்கள். இரண்டு எண்ணிகள் போதும். ஒன்று கோட்டுக்குள் 800 வரை எண்ணும். அதில் 640 மட்டுமே படப்புள்ளிகள். மற்றது கோடுகளை 525 வரை எண்ணும். அதில் 480 மட்டுமே திரையில் தெரியும். செக்கனுக்கு ஏறத்தாழ 2 கோடியே 51 இலட்சத்து 75 ஆயிரம் தரம் அடிக்கும் கடிகாரத் துடிப்பு இரண்டையும் ஓட்டுகிறது. எச்.டி.எம்.ஐ வயரில் ஒலி வருவதும் இந்த இடைவெளி நேரத்திற்குள்தான்.

பழைய கசற்றில் உள்ள சிக்கல், அதன் கடிகாரம் சீராக அடிக்காதது. நாடா இழுபட்டிருக்கும், டெக்கின் பாகங்கள் தேய்ந்திருக்கும். ஒரு கோடு சற்று முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். பழைய ரீவி அதைப் பொறுத்துக்கொள்ளும், கணனி பொறுக்காது. "அடுத்த பக்கம்" தெளிவாகக் கேட்காவிட்டால் சில படங்களைக் கணனி விட்டுவிடும். ஒலி மட்டும் தொடர்ந்து பதியும். அரைமணி நேரத்துக்குப் பிறகு வாய் ஒருபக்கம், குரல் ஒருபக்கம். இதற்காகவே நேரத்தளத் திருத்தி என்ற கருவி இருக்கிறது. வரும் கோடுகளை நினைவகத்தில் வாங்கி, சீரான துடிப்புடன் அது திருப்பி அனுப்பும்.

வீட்டில் கசற் வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். கசற் எந்த நாட்டில் பதியப்பட்டது என்பதை முதலில் விசாரித்து, மட்டையில் எழுதிவையுங்கள். கனடாக் கசற்றைக் கணனியிலும் என்.ரி.எஸ்.சி ஆகவே, 480 கோடுகளாகவே பதியச் சொல்லுங்கள். லண்டன் கசற்றை 576 கோடுகளாகப் பதியவேண்டும். ஒன்றை மற்றதாக மாற்றினால் அசைவு துள்ளும், போன தெளிவு திரும்பி வராது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். முதலில் துப்புரவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் தலையும் கெடும், அடுத்த கசற்றும் கெடும். படத்தின் அடியில் சில கோடுகள் நெளிவது கசற் பழுதானதால் அல்ல. டெக்கின் தலைகள் மாறிமாறி வாசிக்கும் இடம் அது.

ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 யூலையில் டெக் தயாரிப்பை நிறுத்தியது. அதற்குப் பிறகு புது டெக் வருவதில்லை. இருக்கும் டெக்குகளும் பாகம் இல்லாமல் ஒவ்வொன்றாக நிற்கின்றன. 1987 இலும் 1995 இலும் எங்கள் சனம் எதை எதையோ விட்டுவிட்டு ஓடியபோதும், சிலர் பையின் அடியில் இந்தக் கசற்றுகளைக் கொண்டுபோனார்கள். அவற்றில் நடமாடும் பலரின் குரல் வேறெங்கும் இல்லை. மாற்றிய பிறகும் மூலக் கசற்றை எறியாமல், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். முதல் பதிவு சரிவராவிட்டால் மறுபடி பதிய அதுதான் இருக்கிறது.